புற்றுநோய் பரவுவதும் எபிஜெனெடிக் மாற்றங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய்ச் செல்லின் மரபணுவில் பிழைகள் இருக்கின்றன என்பது இன்று பலருக்கும் தெரியும். ஆனால் ஒரே கட்டியில், ஏறக்குறைய அதே பிழைகளைச் சுமந்துகொண்டு கோடிக்கணக்கான செல்கள் கிடக்க, சில மட்டும் கிளம்பிப்போய் நுரையீரலிலோ எலும்பிலோ குடியேறுகின்றன. ஏன் அவை மட்டும்? கீழே உள்ள கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றியே வருபவை. சில மாணவர்கள் கேட்பவை. சில, வீட்டில் ஒருவருக்கு நோய் கண்ட பிறகு படிக்கத் தொடங்கியவர்கள் கேட்பவை.

புற்றுநோய் "பரவிவிட்டது" என்றால் உடலுக்குள் என்ன நடந்திருக்கிறது?

ஒரு செல் அக்கம்பக்கத்துச் செல்களோடு இருந்த பிடியை விட்டு, தான் உட்கார்ந்திருந்த அடித்தளச் சவ்வை அரித்துக்கொண்டு வெளியேறி, ரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நுழைந்து, அங்கே நோயெதிர்ப்புச் செல்களுக்கும் ஓட்டத்தின் வேகத்துக்கும் தப்பி, வேறோர் உறுப்பில் குழாய்ச் சுவரைக் கடந்து வெளியே வந்து, அந்தப் புது இடத்தில் பெருகத் தொடங்கியிருக்கிறது.

இது எளிதான பயணம் இல்லை. ஐசையா ஃபிட்லர் என்ற ஆய்வாளர் 1970-ல் கதிரியக்க அடையாளமிட்ட மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். ஒரு நாள் கழிந்தபோது ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. புதுக் கட்டியாக வளர்ந்தவை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அப்படியிருந்தும் புற்றுநோய் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பரவல்தான் காரணம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கிளம்பும்போது பிடியை விடத் தெரிய வேண்டும். போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஒட்டத் தெரிய வேண்டும். மரபணுப் பிழை கல்வெட்டு மாதிரி, மாறினால் மாறியதுதான். இப்படி முன்னும் பின்னும் மாறிக்கொள்ள, அழித்து எழுதக்கூடிய ஏதோ ஒன்று செல்லுக்கு வேண்டும்.

அந்த ஏதோ ஒன்றுதான் எபிஜெனெடிக் மாற்றமா? அதுவும் மரபணுப் பிழைதானே?

பிழை இல்லை. டிஎன்ஏவின் எழுத்து மாறினால் அது மரபணுப் பிழை. எழுத்து அப்படியே இருக்க, அதைப் படிக்க முடியுமா முடியாதா என்பது மாறினால் அது எபிஜெனெடிக் மாற்றம். உங்கள் கல்லீரல் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 'எபிஜெனெடிக்ஸ்' என்ற சொல்லை 1942-ல் கொண்டுவந்தவர் கான்ராட் வாடிங்டன். (தமிழில் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் புழங்குகின்றன. எதுவும் இன்னும் நிலைபெறாததால் இங்கே எபிஜெனெடிக் என்றே எழுதுகிறேன்.)

கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது கண்ணுக்குத் தெரியாத ஓர் உட்கருவுக்குள் அடங்க வேண்டும். எனவே எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஓர் உருளையின் மேல் 147 எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏ சுற்றிக்கொள்கிறது. அதை அடுத்து இன்னோர் உருளை, அப்புறம் இன்னொன்று என்று போகிறது. இந்த மொத்தச் சுருணைக்குத்தான் குரோமாட்டின் என்று பெயர். ஹிஸ்டோன்களின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் அசிட்டைல் தொகுதி என்ற சிறு வேதிக்குறி ஏறினால் சுருணை தளரும். எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 4-ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் தொகுதிகள் (இன்னொரு வேதிக்குறி) ஏறினால், பொதுவாக அந்த மரபணு இயங்கத் தயார் என்று பொருள். அதே மூன்று மெத்தில் 27-ஆம் லைசினில் ஏறினால் மூடிவை என்று பொருள். அதை எழுதும் நொதி இஇசட்எச்2. இது போக, டிஎன்ஏவிலுள்ள சைட்டோசின் எழுத்தின் மேலேயே மெத்தில் ஏறுவதும் உண்டு. மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது அடர்த்தியாக ஏறினால் மரபணு நீண்ட காலத்துக்கு ஊமையாகிவிடும்.

இந்தக் குறிகள் ஒவ்வொன்றையும் எழுத ஒரு நொதி இருக்கிறது, அழிக்கவும் ஒரு நொதி இருக்கிறது.

செல் சிக்னலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வளர்ச்சிக் காரணி ஒன்று செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் வந்து ஒட்டுகிறது. உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தட்டியெழுப்ப, அது இன்னொன்றை எழுப்ப, கடைசியில் ஒன்று உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களை இயக்குகிறது. பாடப்புத்தகப் படங்களில் எனக்குள்ள குறை இதுதான்: அம்புக்குறி உட்கருவைத் தொட்டதும் நின்றுவிடும். உள்ளே எந்த மரபணு திறந்திருக்கிறது என்று படம் சொல்லாது.

ஒரு பெரிய வீட்டில் வாசல் மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருக்கும் அறையில் இருப்பவர் எழுந்து வருவார். இறுகச் சாத்திய அறையில் இருப்பவருக்குக் காதிலேயே விழாது. சிக்னல் என்பது மணி, குரோமாட்டின் என்பது கதவு. பரவும் செல்களில் பல நேரம் மணி மாறுவதில்லை, கதவுதான் மாறுகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். சிக்னலே கதவைத் திறந்து மூடும். ஏகேடி என்ற சிக்னல் புரதம் மேலே சொன்ன இஇசட்எச்2 நொதியின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி, அதன் மூடும் வேலையைக் குறைத்துவிடுகிறது என்று 2005-ல் கண்டார்கள். கதவு மூடுவதால் மணி ஓயாமல் அடிப்பதும் உண்டு. பெருங்குடல் புற்றுநோயில் டபிள்யுஎன்டி சிக்னலுக்குக் கடிவாளமாக இருக்கும் எஸ்எஃப்ஆர்பி மரபணுக்கள் மெத்திலேற்றத்தால் ஊமையாகிவிடுகின்றன (இது 2004-ல் வெளிவந்தது). கடிவாளம் போனதும் சிக்னல் தறிகெட்டு ஓடுகிறது.

ஒரே சிக்னல், வேறு கதவு என்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டா?

எனக்குப் பிடித்தது சிறுநீரகப் புற்றுநோய். அதன் பொதுவான வகையான தெளிசெல் வகையில், விஎச்எல் என்ற மரபணு கட்டி தொடங்கும்போதே பழுதாகிவிடுகிறது. விஎச்எல்லின் வேலை, ஹிஃப் என்ற புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்புவது. ஹிஃப், ஆக்சிஜன் குறையும்போது மட்டும் அடிக்க வேண்டிய அபாய மணி. விஎச்எல் போனபின் அந்த மணி நிற்காமல் அடிக்கிறது. சரி, அப்படியானால் விஎச்எல் பழுதான எல்லாச் செல்லும் பரவ வேண்டுமே? பரவுவதில்லை.

நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஜோன் மசாகேவின் குழு 2013-ல் இதற்கு விடை சொன்னது. பரவாத செல்களிலும் பரவும் செல்களிலும் ஹிஃப் மணி ஒரே மாதிரிதான் அடிக்கிறது. ஆனால் பரவும் செல்களில் சிஎக்ஸ்சிஆர்4 என்ற மரபணுவின் மேலிருந்த 27-ஆம் லைசின் மூடுகுறி கழன்றுபோயிருந்தது. சிட்டிப் என்ற இன்னொரு மரபணுவின் டிஎன்ஏ மெத்திலேற்றமும் நீங்கியிருந்தது. முன்பு ஹிஃப்பால் எட்ட முடியாத இரண்டு கதவுகள் இப்போது திறந்தாயிற்று. சிஎக்ஸ்சிஆர்4, தொலைதூர உறுப்பிலிருந்து வரும் அழைப்பை உணரும் ஏற்பி. சிட்டிப், புது இடத்தில் செல் சாகாமல் காக்க உதவுகிறது. இதற்காகப் புதிய மரபணுப் பிழை எதுவும் தேவைப்படவில்லை. பழைய மணியின் சத்தம் எட்டும் தூரம்தான் கூடியது.

கதவு பாதி திறந்திருப்பதும் உண்டா?

உண்டு. மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் ஜெப்1 என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். இது இயங்கினால் செல் அசையும் தன்மையையும் தண்டுச்செல் (ஸ்டெம் செல்) போன்ற குணத்தையும் பெறும். 2013-ல் ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வகம் இரண்டு வகைச் செல்களை ஒப்பிட்டது. லூமினல் வகையில் ஜெப்1-ன் தொடக்கப் பகுதியில் 27-ஆம் லைசின் மூடுகுறி இருந்தது; திறக்கும் குறி இல்லை. பேசல் வகையில் மூடுகுறியும் 4-ஆம் லைசின் திறப்புக்குறியும் ஒன்றாக இருந்தன. அதாவது கதவு சாத்தியிருக்கிறது, தாழ் போடவில்லை.

இரண்டு வகைச் செல்லுக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சிக்னல் வந்தபோது, பேசல் செல்கள் ஜெப்1-ஐ உடனே இயக்கி ஆபத்தான நிலைக்குத் தாவின. லூமினல் செல்கள் அப்படித் தாவவில்லை. பேசல் வகை ஏன் கூடுதல் மூர்க்கமாக நடந்துகொள்கிறது என்பதற்கு இது ஒரு பங்கு விளக்கம். முழு விளக்கம் இல்லை.

செல் தன் பிடியை விடுவது எப்படி நடக்கிறது?

உறுப்புகளின் பரப்பைப் போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல்களை ஒன்றோடொன்று பிணைப்பது இ-கேட்ஹெரின் என்ற புரதம். கைகோத்து நிற்கும் வரிசையில் அந்தக் கைதான் இது. பல வகைக் கட்டிகளில் பரவும் செல்கள் இதைக் குறைத்துக்கொள்கின்றன. வரிசையை விட்டு, நீளமாகி, ஊர்ந்து செல்லும் மீசன்கைமல் தன்மையை எடுத்துக்கொள்கின்றன. இந்த மாற்றத்தை ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து இஎம்டி என்பார்கள். கருவில் உறுப்புகள் உருவாகும்போதும் காயம் ஆறும்போதும் உடல் பயன்படுத்தும் அதே வழி. புற்றுநோய் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, உடலிடமிருந்து திருடிக்கொள்கிறது.

இ-கேட்ஹெரின் மரபணு அணைவது படிப்படியாக நடக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா வந்து ஏற்பியைத் தொட்டதும் ஸ்மாட் புரதங்கள் உட்கருவுக்குள் போய் ஸ்நெயில் என்ற புரதத்தை உண்டாக்கச் செய்கின்றன. ஸ்நெயில் இ-கேட்ஹெரின் மரபணுவின் தொடக்கத்திலுள்ள ஒரு சிறு எழுத்துத் தொடரைத் தேடிப்பிடித்து உட்கார்கிறது. தனியாக அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, ஆட்களைக் கூப்பிடுகிறது. ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸ் வந்து அசிட்டைலை உரித்தெடுக்கிறது. எல்எஸ்டி1 என்ற நொதி வந்து 4-ஆம் லைசினின் மெத்திலைக் கழற்றுகிறது. இஇசட்எச்2 இருக்கும் பாலிகோம்ப் என்ற புரதக் கூட்டம் வந்து 27-ஆம் லைசினில் மூடுகுறி போடுகிறது. சில செல்களில் இதோடு நிற்கும், சிக்னல் போனால் பழைய நிலைக்குத் திரும்பும். வேறு சிலவற்றில் டிஎன்ஏ மெத்திலேற்றமும் வந்து பூட்டிவிடும்.

ஆண்ட்ரூ ஃபைன்பர்க்கின் குழு 2011-ல் எலிக் கல்லீரல் செல்களில் டிஜிஎஃப்-பீட்டாவால் இஎம்டி தூண்டிப் பார்த்தபோது, ஹிஸ்டோன் குறிகள் மரபணுத்தொகுதி முழுக்கப் பெரிய அளவில் மாறியிருந்தன. டிஎன்ஏ மெத்திலேற்றம் ஏறக்குறைய அசையவே இல்லை. "மெத்திலேற்றம்தான் எல்லாம்" என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது இது எனக்கு நினைவுக்கு வரும்.

அப்படியானால் இஎம்டி இல்லாமல் புற்றுநோய் பரவாதா?

இதில் சண்டை இருக்கிறது. 2015-ல் ஒரே சமயத்தில் இரண்டு எலி ஆய்வுகள், ஒன்று மார்பகக் கட்டியிலிருந்து நுரையீரலுக்குப் பரவுவதிலும் மற்றது கணையத்திலும், இஎம்டி-ஐத் தடுத்தபோதும் பரவல் நிற்கவில்லை என்றன. மருந்துக்கு மசியாத தன்மைதான் இஎம்டியோடு போனது. மறுப்புகளும் வந்தன: எல்லாச் செல்லும் முழு இஎம்டி வழியாகப் போக வேண்டியதில்லை, பாதி வழி போனாலே போதும் என்று.

எனக்குப் பாதிவழி வாதமே பொருந்திவருவதாகத் தோன்றுகிறது. ரத்தத்தில் சுற்றும் புற்றுநோய்ச் செல்களைப் பிடித்துப் பார்த்தால் சில தனியாகவும் சில கொத்தாகவும் இருக்கின்றன. கொத்துகள் அரிது. ஆனால் தனிச் செல்லைவிட அவற்றின் பரவும் திறன் 23 முதல் 50 மடங்கு அதிகம் என்று 2014-ல் எலிகளில் கணக்கிட்டார்கள். கொத்தாக இருக்க வேண்டுமானால் கையை முழுவதும் விட்டிருக்கக்கூடாது அல்லவா?

நிக்கோலா அசேட்டோவின் குழு 2019-ல் அந்தக் கொத்துகளின் எபிஜெனெடிக் நிலையைப் படித்தது. தண்டுச்செல்களை ஆளும் ஓசிடி4, சாக்ஸ்2, நானாக் ஆகிய புரதங்கள் உட்காரும் இடங்களில் மெத்திலேற்றம் குறைந்திருந்தது. அதாவது அந்தக் கதவுகள் திறந்திருந்தன. கொத்தைப் பிரித்தபோது அதே இடங்களில் மெத்திலேற்றம் திரும்ப ஏறியது. கைகோத்து நிற்பதே ஒரு சிக்னல், அது டிஎன்ஏ வரை எட்டுகிறது என்று இதைப் படிக்கலாம்.

பரவுவதற்கென்றே தனி மரபணுப் பிழை கிடையாதா?

பல ஆண்டுகள் தேடினார்கள். கட்டியைத் தொடங்கும் பிழைகள் பல நோயாளிகளிலும் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. பரவலுக்கென அப்படித் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் மிகச் சொற்பம். கணையப் புற்றுநோயில் இது நன்றாகத் தெரிகிறது. 2010-ல் வெளியான ஒரு கணக்குப்படி, முதல் பிழை நிகழ்ந்து கட்டியின் மூலச்செல் பிறக்கக் குறைந்தது 10 ஆண்டுகள், பரவும் திறன் வர இன்னும் குறைந்தது 5 ஆண்டுகள் ஆகின்றன.

2017-ல் கணையப் புற்றுநோயால் இறந்தவர்களின் மூலக் கட்டியையும் தொலைவில் பரவிய கட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மரபணு எழுத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. குரோமாட்டினில் மிகப் பெரிய பரப்புகள் புரண்டிருந்தன. அந்தப் புரட்டலுக்கு, குளுக்கோஸைச் செலவழிக்கும் பென்டோஸ் பாஸ்பேட் என்ற வளர்சிதை வழியோடு தொடர்பு இருந்தது. அந்த வழியை வேதிப்பொருளால் தடுத்தபோது குரோமாட்டின் மாற்றங்களும் பின்வாங்கின. ஒரு செல் சர்க்கரையை எப்படிச் செலவழிக்கிறது என்பது அதன் கதவுகளைப் பாதிக்கிறது. முதலில் படித்தபோது எனக்கு இதை நம்பவே சிரமமாக இருந்தது.

ஆக்சிஜன் குறைவதும் காரணம் என்கிறார்களே?

ஆம். மெத்திலை அழிக்கும் டெட் நொதிகளுக்கு வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். கட்டி பெருத்து நடுப்பகுதிக்கு ரத்தம் எட்டாதபோது இவை மந்தமாகி, மெத்திலேற்றம் கூடுகிறது என்று 2016-ல் காட்டினார்கள். ஹிஸ்டோனிலிருந்து மெத்திலைக் கழற்றும் பல நொதிகளுக்கும் ஆக்சிஜன் தேவை. இதே சமயம் ஹிஃப் மணி வேறு அடித்துக்கொண்டிருக்கும்.

சிக்னல் நின்றுவிட்டால் செல் பழையபடி ஆகிவிடுமா?

எப்போதும் இல்லை. கெவின் ஸ்ட்ரூல் குழு 2009-ல் மார்பகச் செல்களில் சார்க் என்ற சிக்னல் புரதத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் இயக்கிவிட்டு நிறுத்தினார்கள். செல்கள் புற்றுத்தன்மைக்கு மாறின. சார்க் அடங்கிய பிறகும் அப்படியே இருந்தன. உள்ளே ஒரு சுழல் உருவாகிவிட்டதுதான் காரணம்: என்எஃப்-கப்பாபி என்ற புரதம், லின்28 என்ற இன்னொரு புரதத்தைக் கூட்டுகிறது, அது லெட்-7 என்ற சிற்றார்என்ஏவைக் குறைக்கிறது, அதனால் ஐஎல்-6 என்ற சிக்னல் புரதம் கூடுகிறது, ஐஎல்-6 திரும்ப என்எஃப்-கப்பாபியைத் தூண்டுகிறது. தீக்குச்சி அணைந்துவிட்டது, அடுப்பு எரிகிறது.

உணவைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பார்சிலோனாவில் சால்வடோர் அஸ்நார் பெனித்தாவின் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், மனித வாய்ப்புற்று, மெலனோமா செல்களைப் பொருத்திய எலிகளுக்குப் பாமாயில் மிகுந்த உணவு கொடுத்தார்கள். அதிலுள்ள பால்மிட்டிக் அமிலம் பரவும் திறனைக் கூட்டியது. உணவை நிறுத்திய பிறகும், அந்தச் செல்களை வேறு எலிக்கு மாற்றிய பிறகும் கூடுதல் திறன் நீடித்தது. ஹிஸ்டோன் எச்3-ன் 4-ஆம் லைசின் குறியில் அந்த 'நினைவு' பதிந்திருந்தது. ஒலியிக், லினோலியிக் அமிலங்கள் அப்படிச் செய்யவில்லை. இது எலி ஆய்வு. இதை வைத்து "இதைச் சாப்பிட்டால் எபிஜெனெடிக்கை மாற்றலாம்" என்று பொடியும் மாத்திரையும் விற்பவர்களை நம்ப வேண்டாம்.

ஏன் சில புற்றுநோய்கள் குறிப்பிட்ட உறுப்புக்கே போகின்றன?

1889-ல் ஸ்டீஃபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசினார். பரவல் கண்டபடி நடக்கவில்லை. சில உறுப்புகளில் குவிந்திருந்தது. விதை எங்கும் பறக்கலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். 2001-ல் அதற்கு ஒரு மூலக்கூறு விளக்கம் கிடைத்தது. மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் மேல் நாம் ஏற்கெனவே பார்த்த சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி மிகுந்திருக்கிறது. அதற்குப் பொருந்தும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற சிக்னல் புரதம் நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் அதிகம் சுரக்கிறது. எந்த ஏற்பியின் கதவு திறக்கிறதோ அந்த அழைப்புதான் செல்லுக்குக் கேட்கும்.

மண்ணும் சும்மா இருப்பதில்லை. கட்டி அனுப்பும் எக்சோசோம் என்ற நுண்பைகள், செல் போய்ச் சேருவதற்கு முன்பே அந்த உறுப்பைப் பண்படுத்துகின்றன. பைகளின் மேலுள்ள இன்டெக்ரின் என்ற ஒட்டும் புரதம் எந்த வகை என்பதைப் பொறுத்து நுரையீரலுக்கா கல்லீரலுக்கா என்பது அமைகிறது என்று 2015-ல் தெரிந்தது.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் நன்றாக இருந்துவிட்டு நோய் திரும்புவது எப்படி?

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில் 20 ஆண்டுகள் வரைகூட நோய் திரும்பும் வாய்ப்பு இருக்கிறது. அந்தச் செல்கள் ஆரம்பத்திலேயே கிளம்பிப்போய் எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் பெருகாமல், சாகாமல், கொக்கைப் போலக் காத்திருக்கின்றன. இந்த உறக்கத்தைக் காப்பாற்றும் புரதங்களில் ஒன்று என்ஆர்2எஃப்1. அது இருக்கும்வரை குரோமாட்டின் பெரும்பாலும் மூடிய நிலையில் இருந்து, செல் பிரிவதைத் தடுக்கிறது. அது குறைந்தால் செல் விழிக்கிறது. கட்டிச் செல்களுக்கு மெத்திலேற்றத்தைக் குறைக்கும் அசாசிடிடினையும் ரெட்டினாயிக் அமிலத்தையும் கொடுத்தால் என்ஆர்2எஃப்1 கூடி உறக்கம் திரும்புகிறது என்பதை 2015-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள்.

மூடிய குரோமாட்டின் இங்கே நல்லவன். முந்தைய பதில்களில் மூடுகுறி கெட்டதையும் செய்தது, நல்லதையும் செய்தது. அதனால்தான் 'திறப்பது நல்லது, மூடுவது கெட்டது' என்று ஒரு விதி போட முடியவில்லை.

குறிகளை அழிக்க முடியும் என்றால் மருந்து எளிதாகக் கிடைத்திருக்க வேண்டுமே?

'திருப்பக்கூடியது' என்பதைப் பலர் 'எளிதில் குணமாகக்கூடியது' என்று படித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ரத்தம் சார்ந்த நோய்களில் வெற்றி இருக்கிறது. மெத்திலேற்றத்தைக் குறைக்கும் அசாசிடிடின் 2004-ல் அமெரிக்காவில் எம்டிஎஸ் என்ற எலும்பு மஜ்ஜை நோய்க்கு அனுமதி பெற்றது. ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸைத் தடுக்கும் வோரினோஸ்டாட் 2006-ல் ஒரு வகைத் தோல் லிம்போமாவுக்கு வந்தது. திடக் கட்டிகளில் முதல் தெளிவான அனுமதிகளில் ஒன்று, எபிதீலாய்டு சார்கோமா என்ற அரிய நோய்க்கு 2020-ல் வந்த டாசிமெட்டோஸ்டாட். இஇசட்எச்2-ஐத் தடுப்பது அதன் வேலை.

மார்பகப் புற்றுநோயில் நடந்ததைப் பாருங்கள். ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸைத் தடுக்கும் ஒரே வகை மருந்துகள் இரண்டு: சீனாவில் டூசிடினோஸ்டாட், ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்து 2019-ல் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் என்டினோஸ்டாட், சுமார் 600 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் ஆயுளை நீட்டவில்லை. ஆரம்பச் சோதனையில் நம்பிக்கை அளித்த மருந்து அது.

சிக்கல் எங்கே என்றால், இந்த மருந்துகள் ஒரு கதவை மட்டும் தேடிப்போய்த் திறப்பதில்லை. வீடு முழுக்கத் திறந்துவிடுகின்றன. இ-கேட்ஹெரின் திரும்ப வரலாம், கூடவே வரக்கூடாத ஒன்றும் வரலாம். தவிர, அசாசிடிடின் பிரியும் செல்லின் டிஎன்ஏவுக்குள் சேர்ந்தால்தான் வேலை செய்யும். உறங்கும் செல்லில் அதற்கு இடமில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது பரவல் பெரும்பாலும் நடந்து முடிந்திருப்பதும் உண்டு.

குறைந்த அளவில் அசாசிடிடினையும் என்டினோஸ்டாட்டையும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எலிகளுக்குக் கொடுத்தபோது, புற்றுநோய்ச் செல்லைவிட மண்ணைப் பண்படுத்தப் போகும் ஒரு வகை வெள்ளணுக்கள் தடுக்கப்பட்டு பரவல் குறைந்தது என்று 2020-ல் ஓர் ஆய்வு சொன்னது. இது எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. எல்லாக் கதவையும் திறக்காமல் இடத்தைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து அடிக்கிறது. மணியின் பக்கமிருந்து அடிக்கும் வழியும் இருக்கிறது: ஹிஃப் வகைகளில் ஒன்றான ஹிஃப்-2-ஐத் தடுக்கும் பெல்சூட்டிஃபேன் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ரத்தத்தில் சுற்றும் புற்றுநோய்ச் செல் கொத்துகளைப் பிரிக்க மருந்து உண்டா?

மேலே சொன்ன அசேட்டோ குழுவின் 2019 ஆய்வில், பல மருந்துகளைச் சோதித்தபோது இதய நோய்க்குக் கொடுக்கப்படும் டிஜாக்சின் வகை மருந்துகள் கொத்தைப் பிரித்தன. அதன் தொடர்ச்சியாக 2025-ல் முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 9 பேரிடம் டிஜாக்சின் கொடுத்துப் பார்த்த முடிவு வெளிவந்தது. ஒரு கொத்திலுள்ள செல்களின் எண்ணிக்கை சராசரியாகச் சுமார் 2 குறைந்தது. 9 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இதனால் யாருக்காவது நோய் குறைந்தது என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. டிஜாக்சின் அளவு கொஞ்சம் கூடினாலும் இதயத்துடிப்பைக் குழப்பிவிடும் மருந்து. தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாது.

இந்த மாற்றங்கள் பிள்ளைகளுக்குப் போகுமா?

கட்டியில் உள்ள செல்களில் உண்டாகும் மாற்றம் கட்டியோடு நின்றுவிடும். கருமுட்டைக்கோ விந்தணுவுக்கோ அது போவதில்லை. குடும்பத்தில் வழிவழியாக வரும் புற்றுநோய் என்பது பெரும்பாலும் பிறவியிலேயே உள்ள மரபணுப் பிழை. அது வேறு பரிசோதனை, வேறு பேச்சு.

பரிசோதனை அறிக்கையில் 'மெத்திலேஷன்' என்று எழுதியிருக்கிறது. அது எதற்கு?

புற்றுநோய் வகையைப் பொறுத்துப் பொருள் மாறும். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியில் எம்ஜிஎம்டி என்ற மரபணு மெத்திலேறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது மெத்திலேறி ஊமையாகியிருந்தால் டிமோசோலோமைடு என்ற மருந்து நன்றாக வேலை செய்யும். ஏனென்றால் அந்த மருந்து டிஎன்ஏவில் செய்யும் சேதத்தைச் சரிசெய்யும் புரதத்தைத் தயாரிப்பது எம்ஜிஎம்டிதான். இங்கே மெத்திலேற்றம் இருப்பது நோயாளிக்கு நல்ல செய்தி.

இன்னொரு பயன் நேரடியாகப் பரவலோடு சம்பந்தப்பட்டது. சிலருக்குக் கல்லீரலிலோ எலும்பிலோ பரவிய கட்டி தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் தெரியாது. செல் எவ்வளவு தூரம் போனாலும் பிறந்த உறுப்பின் மெத்திலேற்ற அடையாளத்தைப் பெருமளவு சுமந்துகொண்டேதான் போகிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், மூலம் தெரியாத புற்றுநோய் உள்ள 216 பேரின் கட்டிகளை இப்படிச் சோதித்ததில் 188 பேருக்கு மூல உறுப்பு எது என்று கணிக்க முடிந்தது.